ராசாவுக்கு உன்மேல் கோபம் இல்லை

அன்புள்ள கோமதிக்கு,

நேற்று உன்னோடு போனில் பேசிய பிறகுதான் மனம் கொஞ்சம் ஆறியது. "இரண்டு நாளாக மணல் தட்டுக்குப் போகிறான், முக்குகிறான், இரண்டு சொட்டோடு எழுந்து வருகிறான், அப்புறம் என் மெத்தைமேல் வேண்டுமென்றே பெய்கிறான்" என்று உன் பூனை ராசாவைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மீதியைக்கூடப் படிக்காமல் போனை எடுத்தேன். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நல்ல வேளை, கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு நீயும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய். அடைப்பு இல்லை, கல் இல்லை, கிருமியும் இல்லை, மன உளைச்சலால் வருகிற சிறுநீர்ப்பை அழற்சி என்று அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். மருந்து, தீனி, தண்ணீர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறாய். அவன்மேல் உனக்கிருக்கும் கோபம் மட்டும் இறங்கவில்லை. "பதினைந்து நாள் மகள் வீட்டுக்குப் போனதற்குப் பழிவாங்குகிறான்டி" என்று மூன்று தடவை சொன்னாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பேச்சில் உன்னை வெல்ல முடியாது என்பது நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

பழிவாங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பார். "இந்த மெத்தை அவளுக்குப் பிடிக்கும், இதை நனைத்தால் அவள் வருந்துவாள், அவள் வருந்துவதுதான் எனக்கு வேண்டும்" என்று ராசா கணக்குப் போட வேண்டும். அப்படிக் கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் நம் இருவர் குடும்பத்திலும் உண்டு. ராசா அந்த ரகம் இல்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மணல் தட்டில் உட்கார்ந்தால் எரிகிறது. எரிவது உடம்புக்குள்ளே என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தட்டுதான் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா, அதேதான். வலிக்காத இடம் தேடினான், மெத்தென்று ஒன்று கிடைத்தது, அதில் உன் வாசனையும் இருந்தது.

நீ ஊரில் இல்லாதபோது பக்கத்து வீட்டுப் பையன் தனக்கு நேரம் கிடைத்தபோது வந்து தீனி வைத்தான் என்றாயே, எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இந்த நோயையே பல வருடம் ஆராய்ந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 32 பூனைகளை 77 வாரம் கவனித்தார்கள். அவற்றில் 20 இந்த நோய் உள்ளவை, 12 ஆரோக்கியமானவை. தீனி நேரம் மாறியது, பார்த்துக்கொள்கிற ஆள் மாறினார் என்பது போன்ற வாரங்களில் சாப்பிடாமல் இருப்பது, தட்டுக்கு வெளியே போவது எல்லாம் கூடின. நோய் உள்ளவற்றுக்கு மட்டுமில்லை, ஆரோக்கியமான பூனைகளுக்கும்தான். அதாவது ஒரு குறையும் இல்லாத பூனைக்கே வழக்கம் தவறினால் உடம்பு கெடுகிறது. ராசா உன்மேல் கோபத்தில் பெய்யவில்லை கோமு. நீ இல்லாததில் அவனுக்கு உடம்பு கெட்டது, அவ்வளவுதான்.

நான் ஒன்றும் பூனை மனசு தெரிந்தவள் இல்லை. என் வீட்டுப் பூனை மிளகுவோடு நான் மூன்று நாள் பேசாமல் இருந்த கதையை உனக்குச் சொன்னேனோ? ஒரு சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு தெருப் பூனை வந்து நின்றது. மிளகு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டு உடம்பை உப்ப வைத்துச் சீறிக்கொண்டிருந்தாள். சமாதானப்படுத்தலாம் என்று பக்கத்தில் போனேன். திரும்பிப் பாய்ந்து கணுக்காலைக் கவ்விவிட்டாள், நாலு இடத்தில் பல் பதிந்தது. "ஒன்பது வருடம் வளர்த்ததற்கு இதுவா?" என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தீனியை வைப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளோ கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டாள். அதைக் குற்ற உணர்ச்சி என்று நான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. எதிரியை எட்ட முடியாதபோது, உடம்பில் ஏறிய வெறி பக்கத்தில் அசைகிற எதன்மேலாவது இறங்கிவிடுமாம். ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்த இரண்டு பூனைகள்கூட இப்படித் திடீரென்று பகையாகிவிடும், ஜன்னலுக்கு வெளியே வந்த மூன்றாவது பூனையால். அவள் குற்ற உணர்ச்சியில் பதுங்கவில்லை, என் முறைப்பைக் கண்டு பயந்துதான் பதுங்கினாள். மூன்று நாள் கறுவிக்கொண்டிருந்தது யார் என்று நீயே சொல்.

மடியில் படுத்துக்கொண்டே ராசா கடிப்பதாக எழுதியிருந்தாய். கடிப்பதற்கு முன்னால் அவன் நோட்டீஸ் கொடுத்திருப்பான், நீ டிவி பார்த்துக்கொண்டு தடவியிருப்பாய். வால் நுனி படபடவென்று அடிக்கும், முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும், காது பக்கவாட்டில் திரும்பும். "போதும்" என்று இதைவிடத் தெளிவாக அவனால் சொல்ல முடியாது. கன்னம், தாடை, காதோரம் தடவினால் பெரும்பாலான பூனைகள் சொக்கிப்போகும். வால் முளைக்கும் இடத்தில் தடவினால் பலவற்றுக்குப் பிடிக்காது. வயிற்றைக் காட்டிப் புரள்வது "உன்னை நம்புகிறேன்" என்பதற்கு, "தடவு" என்பதற்கு இல்லை. நாய் வளர்த்துவிட்டுப் பூனைக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள், நீயும்தான். வாலாட்டுவதும் அப்படியே, நாய்க்கு ஒரு அர்த்தம், பூனைக்கு வேறு. பூனை வாலைக் கம்பு மாதிரி நட்டமாகத் தூக்கிக்கொண்டு, நுனியை மட்டும் லேசாக வளைத்து உன்னை நோக்கி வருகிறதே, அதுதான் அதன் வணக்கம்.

இப்போது சொல்லப்போவதை போனில் என்னால் சொல்ல முடியாது.

என் பழைய பூனை செம்பனை உனக்கு ஞாபகம் இருக்கும். பதினான்கு வயது வரை இருந்தான். கடைசி வாரம் முழுக்க என் மடியைவிட்டு இறங்கவே இல்லை, குர்ர்ர் என்று அந்த ஓசை ஓயவே இல்லை. வந்தவர்களிடமெல்லாம் "பாருங்கள், எவ்வளவு நிம்மதியாக இருக்கிறான்" என்று பெருமையாகச் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். டாக்டரிடம் போனபோது சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. பூனை சந்தோஷத்தில் மட்டும் குர்ரிடுவதில்லை, வலியிலும் குர்ரிடும், சாகும் தருவாயிலும் குர்ரிடும் என்று அவர்தான் சொன்னார். பிறந்து சில நாளிலேயே குட்டி தாயிடம் ஒட்டிக்கொண்டு எழுப்புகிற ஓசை அது. "என்னோடு இரு" என்பதுபோல என்று நான் எடுத்துக்கொள்கிறேன். செம்பன் அதைத்தான் கேட்டானோ என்னவோ, நான் கேட்டது வேறு.

அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். பரிகாரம் என்று வைத்துக்கொள். அந்தக் குர்ர்ர் ஒன்றே ஒன்று இல்லையாம். இங்கிலாந்தில் கேரன் மெக்கோம்ப் என்பவரும் அவர் குழுவினரும் 2009இல் கண்டுபிடித்தார்கள்: பசியில் நம்மை எழுப்பும்போது பூனை குர்ர்ருக்குள்ளேயே கைக்குழந்தை அழுகையை ஒத்த ஒரு மெல்லிய கீச்சை ஒளித்து வைக்கிறது. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகக் காதில் விழுகிறது. மிளகு விடியற்காலையில் என் தலைமாட்டில் செய்வது இந்த வித்தைதான். தெரிந்த பிறகும் எழுந்துதான் போகிறேன்.

செம்பனைப் பற்றிச் சொல்ல வந்ததை முடித்துவிடுகிறேன். கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பாலோ ஸ்டீகால் குழுவினர் பூனையின் முகத்தை வைத்தே வலியை அளக்க ஒரு முறை வகுத்து 2019இல் வெளியிட்டார்கள். ஐந்தே விஷயம் பார்க்க வேண்டும்: காது வெளிப்புறமாகத் திரும்பித் தட்டையாகிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, வாய்ப்புறம் இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நேராக நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10க்கு 4 வந்தால் வலிமருந்து தேவை. என்னிடம் செம்பனுடைய கடைசி வாரப் போட்டோ ஒன்று இருக்கிறது. அதற்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு என்று சொல்லமாட்டேன். ராசாவுக்கு நீ தினம் ஒருமுறை போட்டுப் பார், தூங்கும்போது வேண்டாம், விழித்து அமைதியாக இருக்கும்போது.

செம்பன் போன பிறகு மிளகு பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவன் படுக்கும் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினாள். துக்கம் என்றுதான் நான் சொல்வேன். 2024இல் அமெரிக்காவில் இதைப் பற்றி நானூறுக்கு மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. கூட இருந்த பிராணி இறந்த பிறகு பூனை குறைவாகச் சாப்பிடுகிறது, குறைவாக விளையாடுகிறது, குறைவாகத் தூங்குகிறது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் சொன்னவர்கள் வளர்ப்பவர்கள். தங்கள் துக்கத்தையே பூனைமேல் ஏற்றிப் பார்த்திருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பத்து நாளும் நானும்தான் சரியாகச் சாப்பிடவில்லை, அவளுடைய தீனி நேரமும் தவறியது. எது அவளுடையது, எது என்னுடையது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

சரி, பூனைக்கு நம்மேல் ஒட்டுதலே இல்லை, தீனிக்காகத்தான் என்று உன் மாப்பிள்ளை சொல்கிறாரே, அவருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 2019இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்குச் செய்யும் அதே சோதனையைப் பூனைக்குச் செய்தார்கள். வளர்ப்பவர் சிறிது நேரம் கூட இருந்துவிட்டு வெளியே போய்விடுவார், அப்புறம் திரும்ப வருவார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் அவர் வந்ததும் தெளிந்து, அவரிடம் ஒருமுறை வந்துவிட்டு, மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பின. அவர் இருப்பதே அவற்றுக்குத் தைரியம். கைக்குழந்தைகளிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். அதே வருடம் ஜப்பானில், பூனைக்குத் தன் பெயர் தெரியும் என்று நிரூபித்தார்கள். தெரியும், வருவது அவற்றின் இஷ்டம். மாப்பிள்ளைக்கும் அப்படித்தானே?

இனி நீ செய்ய வேண்டியது. பழைய தட்டு அவனுக்கு எரிச்சல் தந்த தட்டு, அது இருந்த இடத்தில் இருக்கட்டும். வேறொரு அமைதியான மூலையில் புதிதாக ஒன்று வை. மெத்தையை வெறும் சோப்புப் போட்டுக் கழுவினால் உன் மூக்குக்கு நாற்றம் தெரியாது, அவன் மூக்குக்குத் தெரியும். நொதி கலந்த துப்புரவு நீர் விற்கிறது, அதை வாங்கு. தீனி வேளை தவறாமல் வை. அடுத்த முறை போகும்போது பையனிடம் நேரத்தை எழுதிக் கொடு, நீ உடுத்திக் களைந்த புடவை ஒன்றை ராசா படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போ. மெத்தைமேல் போனால் திட்டாதே. எதற்குத் திட்டுகிறாய் என்று அவனுக்குப் புரியாது, உன்னைப் பார்த்தால் பயம் என்பது மட்டும் புரியும்.

இன்னொன்று. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று நாம் கேலி பேசுகிறோமே, கண்ணை மூடுவது அதன் பாஷையில் நல்ல வார்த்தை. தூரத்தில் உட்கார்ந்து, முறைக்காமல், கண்ணைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டு. 2020இல் இங்கிலாந்தில் சோதித்திருக்கிறார்கள், பூனைகளும் திருப்பிச் சிமிட்டின, முன்பின் தெரியாதவர் சிமிட்டினாலும் அவருடைய கையை நோக்கி வந்தன. நான் மிளகுவோடு சமாதானம் ஆனது இப்படித்தான். கட்டிலுக்கடியில் குனிந்து பைத்தியம் மாதிரி சிமிட்டிக்கொண்டே இருந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ நாற்காலியில் உட்கார்ந்தே செய், உன் முழங்காலுக்குத் தரையில் உட்காருவது ஆகாது.

ராசா திருப்பிச் சிமிட்டினால் போன் பண்ணு. சிமிட்டாவிட்டாலும் பண்ணு. பேத்திக்குப் பல் முளைத்ததைச் சொல்ல ஆரம்பித்தாய், நான்தான் பூனை பூனை என்று குறுக்கே புகுந்து கெடுத்துவிட்டேன்.

அன்புடன்,
விஜயா