ஒளுவுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?

ஆசிரியர் அண்ணனுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, கரண்ட் இல்லாம மோட்டார் ஓடாம ரங்கூன்ல அஞ்சாவது மாடிக்கு வாளியில தண்ணி தூக்கிட்டு கிடக்கோம், இந்த நேரத்துல பள்ளிவாசல்ல தொழுகைக்கு முன்னாடி ஒளுன்னு ஒரு நாளைக்கு அஞ்சு தடவ கை கால் கழுவ இவ்வளவு தண்ணிய விடணுமான்னு. படிச்சிட்டு நம்ம ஜமாஅத்துல சில பேருக்கு கோவம், இவரு யாரு நம்ம மார்க்கத்துல மூக்க நுழைக்கிறதுன்னு. எனக்கு கோவமே வரல அண்ணே, அவரு கேட்டது நியாயமான கேள்வி, ஆனா தப்பு எங்க இருக்குன்னு அவருக்கும் தெரியல, கோவப்படுற நம்ம ஆளுங்களுக்கும் தெரியல, அதான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. ஒளுன்னா அழுக்கு போக்குறதுன்னு நிறைய பேரு நினைச்சிட்டு இருக்காங்க. காலையில சோப்பு போட்டு குளிச்சிட்டு ஒளுவோட உக்காந்திருக்கிற ஆளுக்கு வாயு பிரிஞ்சா ஒளு போச்சு, திரும்ப முகத்த கழுவணும், முழங்கை வரைக்கும் கைய கழுவணும், தலைய ஈரக்கையால தடவணும், கணுக்கால் வரைக்கும் கால கழுவணும். வாயு பிரிஞ்ச இடத்த கழுவ சொல்லல பாருங்க! அதே ஆளு ஒளுவோட வரும்போது மழைத்தண்ணி சேறு கைலியில தெறிச்சா ஒளு முறியாது, உடுப்புல அசுத்தம் பட்டிருந்தா அத கழுவிட்டு தொழுதா போதும். தொழுகைக்கு நிக்கிறதுக்கு முன்னாடி அல்லாஹ் சொன்ன ஒரு வணக்கம் இது, குர்ஆன்ல அஞ்சாவது அத்தியாயம் ஆறாவது வசனத்துல இருக்கு. அதனால தண்ணி ஜாஸ்தியா ஊத்தினா சுத்தமும் ஜாஸ்தியாகும்னு கணக்கு போடுறது சரியில்ல.

இப்ப அளவுக்கு வருவோம். நபி (ஸல்) அவங்க ஒரு முத்து தண்ணியில ஒளு செஞ்சாங்க, ஒரு ஸாஉல இருந்து அஞ்சு முத்துக்குள்ள குளிச்சாங்கன்னு புகாரி, முஸ்லிம்ங்கற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகள்ல இருக்கு. ஒரு முத்துன்னா நடுத்தரமான ஆளு ரெண்டு கையையும் சேத்து அள்ளுற அளவு, நம்ம கணக்குல முக்கால் லிட்டரு கூட வராது. நாலு முத்து ஒரு ஸாஉ. அதாவது கடையில விக்கிற ஒரு லிட்டர் பாட்டில்ல ஒளு செஞ்சிட்டு மிச்சத்த குடிக்கலாம். இத சொன்னா உடனே "அதெல்லாம் நமக்கு பத்தாது பாய்"னு ஒருத்தர் சொல்லுவாரு. அதுக்கும் பதில் அப்பவே வந்திருக்கு. நபித்தோழர் ஜாபிர் (ரலி) கிட்ட குளிக்கிறத பத்தி கேட்டப்ப ஒரு ஸாஉ போதும்னாங்க, எனக்கு பத்தாதேன்னு ஒருத்தர் சொன்னாரு, உன்ன விட முடி அதிகமா இருந்த, உன்ன விட சிறந்த ஒருத்தருக்கே பத்துச்சேன்னு நபிய (ஸல்) வச்சு அவங்க பதில் சொன்னாங்க. மூணு தடவைக்கு மேல கழுவுறது வரம்பு மீறுறதுன்னும் ஹதீஸ் இருக்கு. ஓடுற ஆத்தங்கரையில உக்காந்தாலும் விரயம் பண்ணாதேன்னு எல்லா பயான்லயும் (மார்க்கப் பேச்சுலயும்) கேக்குறோமே, அந்த அறிவிப்பு கொஞ்சம் பலவீனம்னு ஆலிம்கள் சொல்லுவாங்க, ஆனா விரயம் கூடாதுங்கறதுல யாருக்கும் ரெண்டு கருத்து கிடையாது.

அப்ப தண்ணி எங்கதான் போகுது? பைப்புலதான். பழைய பள்ளிவாசல்கள்ல ஹவுஸ்ங்கற தண்ணித் தொட்டி இருக்கும், ஷாஃபி மத்ஹப்ல (மத்ஹப்னா மார்க்க சட்ட வழி) ரெண்டு குல்லத்து, அதாவது சுமாரா 200 லிட்டருக்கு குறையாத தண்ணி இருந்தா அதுல கை விட்டு அள்ளலாம். அள்ளுற அளவுதான் செலவு, கால கழுவுற தண்ணி ஓரத்துல இருக்கிற வாய்க்கால்ல போயிரும். பைப்பு வந்த பிறகு என்ன ஆச்சுன்னா, திறந்து விட்டுட்டு கைலிய மடிச்சு கட்டுறோம், சட்டைக்கைய சுருட்டுறோம், தாடிய கோதுறோம், பக்கத்துல உக்காந்திருக்கிறவர்ட்ட டாலர் இன்னிக்கி என்ன ரேட்டுன்னு கேக்குறோம், தலைய தடவும்போது ஒரு சொட்டு கூட தேவையில்ல அப்பவும் பைப்பு பாட்டுக்கு ஓடுது. நம்ப முடியலேன்னா லுஹர் (மதியத் தொழுகை) நேரத்துல பைப்புக்கு கீழ ஒரு பக்கெட்ட வச்சு பாருங்க, ஒரு ஆளு எந்திரிக்கிறதுக்குள்ள பாதி பக்கெட் நெறஞ்சிருக்கும். அந்த தண்ணிய மேல ஏத்துறதுக்கு ஜெனரேட்டர்ல டீசல் எரியுது, அது ஜமாஅத் காசு. கரண்ட் வந்து தெரு முழுக்க புள்ளைங்க "மீ லா பீ"ன்னு (பர்மிய மொழியில கரண்ட் வந்துருச்சுன்னு) கத்துற சத்தம் கேட்டா பாங்கு சொல்ற நம்ம மோதினார் மோட்டார் சுவிட்ச போட ஓடுறத பாத்தவங்களுக்கு இந்த வலி தெரியும்.

இன்னொன்னும் சொல்லிடுறேன், தண்ணி கணக்கோட சேராது, ஆனா ஒளு கூடணும்ல. நம்ம வீட்டு பொம்பளைங்களும் புள்ளைங்களும் கன்னத்துல தனக்கா, அதான் மரப்பட்டைய அரைச்ச பூச்சு, பூசுறாங்க, பூசட்டும், வெயிலுக்கு நல்லது. ஆனா காஞ்சு கெட்டியா ஒட்டியிருந்தா தண்ணி தோல்ல படாது, அத கழுவிட்டுத்தான் ஒளு செய்யணும், மருதாணி மாதிரி வெறும் சாயமா இருந்தா பரவாயில்ல. ஒளு செஞ்ச பிறகு பூசிட்டு தொழுதா ஒரு குத்தமும் இல்ல. அப்புறம் இந்த குன்யா, அதான் வெத்தலை பாக்கு! வாயில வெத்தலையோட வந்து ஒளு செய்ற இடத்துலயே செவப்பா துப்பிட்டு அத தள்ளுறதுக்கு ஒரு வாளி தண்ணி, இதுக்கு எந்த மத்ஹப்லயும் ஆதாரம் கிடையாது.

தண்ணியே இல்லேன்னா என்ன பண்ணுவீங்கன்னும் அந்த வாசகர் கேட்டிருந்தாரு. தயம்மும் இருக்கு ஐயா. ஒரு பயணத்துல நபியோட மனைவி ஆயிஷா (ரலி) அவங்க மாலை தொலைஞ்சு போயி அத தேடுறதுக்காக எல்லாரும் தண்ணி இல்லாத இடத்துல தங்க வேண்டியதாயிருச்சு, அப்ப இறங்கின சட்டம் அது. சுத்தமான மண்ணுல கைய தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கணும். ஷாஃபியில புழுதியுள்ள மண்ணா இருக்கணும், ஒவ்வொரு பர்ளு (கட்டாய) தொழுகைக்கும் தனியா செய்யணும். ஹனஃபி மத்ஹப்ல கல்லு, மணல் கூட ஆகும், முறியிற வரைக்கும் அதுலயே அடுத்தடுத்த தொழுகையும் தொழலாம். தண்ணி இருந்தும் அது குடிக்கிறதுக்கு வேணும்னா, வளக்குற ஆடு மாட்டுக்கு வேணும்னா கூட, அத வச்சிட்டு தயம்மும்தான். 2025 மார்ச் 28, ரமலான் கடைசி ஜும்ஆ அன்னிக்கி மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவுல பூமி ஆடி தொழ வந்தவங்க மேலயே பள்ளிவாசல்கள் இடிஞ்சு விழுந்துச்சே, அதுக்கப்புறம் ரோட்டோரத்துல படுத்து கிடந்த சனங்க குடிதண்ணிக்கே லைன்ல நின்னாங்க. அந்த மாதிரி நேரத்துல கையில இருக்கிற பாட்டில் தண்ணி புள்ளைக்குத்தான், ஒளுவுக்கு மண்ணு.

ரங்கூன்ல நமக்கு அந்த நிலைமை இல்ல, அதனால தயம்மும் கிடையாது, தண்ணியிலதான் செய்யணும். ஆனா பள்ளிவாசல் நிர்வாகம் பாக்குற முத்தவல்லிமார்ட்ட நான் கேக்குறது மூணே வேலை. அழுத்தினா கொஞ்ச நேரம் வந்துட்டு தானா நிக்கிற பைப்பு மாட்டுங்க, எல்லாத்தையும் மாத்த காசு பத்தாதுன்னா மெயின் வால்வ பாதிக்கு மூடி வைங்க, வேகம் கொறஞ்சாலே செலவு கொறஞ்சிரும். வயசானவங்களுக்கு நாலஞ்சு கிண்டி வாங்கி வைங்க. ஒளு செஞ்சு வழியிற தண்ணிய திரும்ப ஒளுவுக்கு எடுக்க முடியாதுன்னாலும் சாக்கடையில விடாம ஒரு தொட்டியில பிடிச்சா கக்கூஸ் கழுவ, வாசல்ல இருக்கிற செடிக்கு ஊத்த ஆகும். எழுதின வாசகர் ஒரு நாள் அஸர் (சாயங்கால) தொழுகைக்கு நம்ம பள்ளிவாசலுக்கு வந்தாருன்னா நானே ஒரு பாட்டில் தண்ணியில ஒளு செஞ்சு காட்டுறேன், டீயும் உண்டு.

இப்படிக்கு,
ரங்கூன்ல இருந்து ஒரு சூலியா (தமிழ் முஸ்லிம்) வாசகர்