ஏழரைக்கு மேல் அது எங்கள் சாலை

பூங்காக்களையும் அங்குள்ள விளக்குக் கம்பங்களையும் பார்த்துக்கொள்ளும் மாநகர அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை அடைத்து, ரயில் பிடித்து, எங்கள் நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். நிலையத்து வேலியில் பூட்டி வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவேன். நிலையத்துக்கும் எங்கள் அடுக்குமாடிக்கும் நடுவில் ஓர் ஏரிப் பூங்கா இருக்கிறது. முன்பு வெள்ளீயம் தோண்டிய பழைய குட்டையைச் சுற்றி எழுந்த பூங்கா. அதன் குறுக்கே போனால் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை, ஏழு நிமிடத்தில் வீடு. விளக்கு எரியாத அந்த ஏழு நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பூங்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களிடம் கொடுத்திருக்கும் மனுவில் பெயரும் இருக்கிறது, கம்ப எண்களும் இருக்கின்றன. அந்த ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுக் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சென்ற நவம்பரில் ஒரு நாள். சாயங்காலம் இடியோடு கொட்டிய மழை எட்டு மணிக்குத்தான் விட்டிருந்தது. பூங்காவுக்குள் தார்ப்பாதை முழுக்கத் தூங்குமூஞ்சி மர இலை, சின்னச் சின்னதாக, வழுவழுவென்று ஒட்டிக்கிடந்தது. வாசலில் மூன்று விளக்கு எரிகிறது. நாலாவது கம்பத்திலிருந்து ஒன்றும் இல்லை. ஏரிப் பக்கம் வளைவில் திரும்பினேன். என் விளக்கின் வெளிச்சத்துக்குள் திடீரென்று ஒரு செருப்பும் ஒரு கைலி முனையும் வந்தன. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின்சக்கரம் இலையில் வழுக்கிப் பக்கவாட்டில் போனது. நான் புல்லில் விழுந்தேன். அவர் நின்ற இடத்திலேயே, ஒரு கையால் விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார்.

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் அடுக்குமாடிக்காரர்தான், முகம் தெரிந்தவர்.

“ஐயா, மன்னிச்சுக்குங்க. கண்ணு தெரியல.”

“உனக்கு மட்டுமாம்மா தெரியல?” என்றார். அப்புறம் தன் கையைக் காட்டினார். பாதையோரக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே நடக்கிறாராம். “பதினொண்ணு வந்தா நிப்பேன். அதுக்கு அப்புறம் படி.”

எனக்கு முழங்கை மட்டும்தான் உரசியது. ஆனால் அன்று இரவு அதை நினைத்து நினைத்துத் தூங்க முடியவில்லை. வெளிச்சம் தருவதற்காக நட்ட கம்பத்தை ஒரு பெரியவர் இருட்டில் கைப்பிடியாக வைத்துக்கொண்டு நடக்கிறார். நான் ஒரு விநாடி பிந்தியிருந்தால் அவர் இடுப்பெலும்பு போயிருக்கும். அந்த வயதில் அது போனால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

மனு கொடுக்க வந்தபோது கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “நல்ல விளக்கா ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாமே” என்றார். நியாயமான கேள்விதான். சைக்கிளில் போகாதவர்கள் எல்லாரும் இதையே கேட்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளக்கு மாட்டியிருக்கிறேன். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. முன்விளக்கு நூற்று இருபது ரிங்கிட். சைக்கிள் கடை அண்ணன்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மினுக் மினுக்கென்று எரியும் சின்ன விளக்கு மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்கு. வழியை நாம் பார்ப்பதற்கு வேறு விளக்கு வேண்டும் என்றார். அதைத் தலைக்கவசத்தில் மாட்டாமல் ஹேண்டில்பாரில் தாழ்வாக மாட்டச் சொன்னார். கீழிருந்து சாய்வாக அடித்தால்தான் குழியும் வேரும் நிழல் காட்டும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து அடித்தால் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியாமல் எல்லாம் தட்டையாகிவிடும். சொன்னது அத்தனையும் உண்மை. காய்ந்த தரையில் என் விளக்கு அருமையாகவே வேலை செய்கிறது.

மழை பெய்துவிட்டால் கதை வேறு. காய்ந்த தார் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும், அதில் கொஞ்சம் நம் கண்ணுக்குத் திரும்பி வரும். தண்ணீர் நின்ற தார் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் முழுவதையும் முன்பக்கமே தள்ளிவிட்டுவிடும். எனக்குத் தெரிவது வெறும் கறுப்பு. எதிரில் வருபவருக்கோ அதே வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஒதுங்குகிறார், எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அதுவே விநாடிக்கு நாலு மீட்டருக்கு மேல். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஐந்தாறு மீட்டர் ஓடியிருக்கும். அதற்குப் பிறகுதான் சக்கரம் ஈர இலையில் நிற்கப் பார்க்கும். என் கைக்காசில் வாங்கிய விளக்கு என்னை ஓரளவு காப்பாற்றும். கம்பத்தை எண்ணி நடக்கிற பெரியவரைக் காப்பாற்றாது.

அவரும் நானும் மட்டும் அல்ல. அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கிவிட்டு வரும் அக்காமார் நாலைந்து பேர் கை கோத்துக்கொண்டு வருவார்கள். பாதுகாவலர் வேலைக்கு இரவு ஷிப்ட் ஏறும் அண்ணன்கள் எதிர்ப்பக்கமாகப் போவார்கள். கட்டட வேலை முடித்துத் திரும்பும் பங்களாதேஷ் தம்பிகள் பழைய சைக்கிளில் வருவார்கள். அவர்களில் ஒருவர் கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, அதைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டி வந்ததை நான் பார்த்தேன். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும் அல்லவா, அதனால். பக்கத்தில் வந்ததும் வாயில் கைப்பேசியோடு தலையை ஆட்டி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

பகலில் அங்கே ஓடுகிறவர்கள், தாய்ச்சி செய்கிறவர்கள், ஊஞ்சல் ஆடும் பிள்ளைகள் வருகிறார்கள். ஏழரைக்கு மேல் வருகிறவர்கள் யாரும் பொழுதுபோக்க வருவதில்லை. வீட்டுக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் அது எங்களுக்குச் சாலை. நீங்கள் அதைப் பூங்காவாக மட்டும் கணக்கில் வைத்திருப்பதால்தான் விளக்கு எரியாதது ஒரு சின்னப் பராமரிப்புக் குறையாக உங்களுக்குத் தெரிகிறது. ஒரு சாலையில் பத்துக் கம்பம் வரிசையாக அணைந்து கிடந்தால் இத்தனை மாதம் விட்டிருப்பீர்களா?

இரவில் பூட்டிவிடலாம் என்ற யோசனையும் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து வேண்டாம். பூங்காவைப் பூட்டினால் எங்களுக்கு இருக்கும் ஒரே வழி விரைவுச்சாலை ஓரம். இரண்டரைக் கிலோமீட்டர் சுற்று. லோரிகள் உரசிக்கொண்டு போகும். ஓரத்தில் நடைபாதை பாதி தூரத்தில் நின்றுவிடும், அதற்குப் பிறகு மூடி இல்லாத லொங்காங், சாக்கடைதான். இந்த நாடு 1970-களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்ட நாடு. கார் வேறு, இரு சக்கரம் வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்று அப்போதே புரிந்துகொண்டவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். எங்களுக்குப் புதுத் தடம் வேண்டாம். இருக்கிற தடத்தில் வெளிச்சம் போதும்.

இப்போது நேரக் கணக்கு. இதை ஒரு வருடம் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன், அதனால் அழுத்தமாகவே சொல்ல முடியும். நம் ஊரில் குளிர்காலம் இல்லை, ஆகவே இருட்டு எப்போதும் ஒரே நேரத்தில் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணிக்குச் சில நிமிடம் முன்பே இறங்கிவிடுகிறது. பிப்ரவரி நடுவில் கிட்டத்தட்ட ஏழரை வரை நிற்கிறது. பகலின் நீளம் ஆண்டு முழுக்கச் சுமார் 20 நிமிடம்தான் கூடிக் குறைகிறது, ஆனால் சூரியன் எழுவதும் விழுவதும் சேர்ந்தே அரை மணி நேரம் முன்னும் பின்னும் நகர்கின்றன. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி நீளாது. சூரியன் இறங்கி இருபது நிமிடம் போனால் எதிரில் வருபவர் முகம் தெரியாது. அதிலும் அக்டோபர், நவம்பர் நம் பக்கம் சாயங்கால இடிமழைக் காலம். மேகம் கட்டிவிட்டால் ஆறரைக்கே மரத்தடியில் இருட்டு.

பூங்காவில் உயிரோடு இருக்கும் சில விளக்குகளோ ஆண்டு முழுவதும் 7.30-க்கு எரிந்து 6.30-க்கு அணைகின்றன. பிப்ரவரிக்கு மாலைக் கணக்கு சரி. நவம்பரில் மாலை இருட்டியபின் எரிகிறது. காலையில் பிப்ரவரி மோசம். 1982 ஜனவரி 1-இலிருந்து தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றானது. அந்தக் கடிகாரப்படி பிப்ரவரியில் இங்கே சூரியன் எழுவது ஏழேகாலுக்கு மேல். விளக்கு 6.30-க்கு அணைந்த பிறகு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள் அரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் போகிறார்கள். இதற்குப் பெரிய செலவு வேண்டாம். டைமருக்குப் பதில், வெளிச்சம் குறைந்தால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணையும் சென்சார் போதும். மேகம் கட்டினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

கேபிள் திருட்டு பற்றி உங்கள் ஆள் சொன்னார். செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், மறுபடி போட்டால் மறுபடி போய்விடுகிறது என்றார். அவர் முகத்தில் இருந்த சலிப்பு உண்மையானது. அதனால்தான் சோலார் விளக்கு போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆறு கம்பங்களையும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் நட்டுவிட்டார்கள். அந்த மரம் குடை மாதிரி விரிந்து நிற்பது. பேனலில் வெயில் படவே படாது. அதோடு மழைக்கால மத்தியானம் என்றால் கேட்கவே வேண்டாம். நான் வரும் ஒன்பதரைக்கு ஆறும் மங்கிப்போய், உள்ளே ஒரு புள்ளி மட்டும் சிவப்பாக இருக்கும். மரத்தை வெட்ட வேண்டாம், கையெடுத்துக் கேட்கிறேன். கம்பத்தை ஏரிக்கரையின் திறந்த பக்கத்துக்கு மாற்றுங்கள், அங்கே நாள் முழுக்க வெயில்.

விளையாட்டரங்கம் மாதிரி வெளிச்சம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஏரியில் இரவில் கொக்குகள் அடைகின்றன, வௌவால் வருகிறது. கோலா சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்கு விளக்கு வெளிச்சம் எவ்வளவு கெடுதல் என்று நமக்குத் தெரியும். பாதை மட்டும் தெரிந்தால் போதும். இடுப்பு உயரத்தில், கீழே பார்த்தபடி, மஞ்சள் வெளிச்சம். நடுப்பாதை ஒன்றுக்கு மட்டும். கடைசி ரயில் வந்து கால்மணி நேரம் வரை முழுதாக எரியட்டும், பிறகு பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண்ணாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும் இரவில், நடுநிசிக்கு மேல் ஜாலான் ஈப்போவில் நான் சின்ன வயதிலிருந்து நடந்திருக்கிறேன். அம்மாவோடு, பிறகு தங்கையோடு, பிறகு தனியாகவும். ஒரு நாளும் திரும்பிப் பார்த்தது இல்லை. தெரு முழுக்க விளக்கும் ஆளும். பூங்காவின் ஏழு நிமிடத்தில் நான் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறேன் என்று எனக்கே கணக்கு இல்லை. முன்பு எங்களோடு வந்த மூன்று பெண்கள் இப்போது மாதம் இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து அழைப்புக் காரில் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் வராததால் பாதை இன்னும் வெறிச்சோடிப்போகிறது. மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் பயம்.

இந்த வருட மழைக்காலத்துக்கு முன்பு எல்லாவற்றையும் செய்து முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். டெண்டர், ஒதுக்கீடு, குத்தகைக்காரர் என்று எத்தனையோ இருக்கிறது. ஆகவே வரிசை மட்டும் சொல்கிறேன். வாசலிலிருந்து எண்ணினால் 4 முதல் 13 வரை பத்துக் கம்பங்கள் எரியவில்லை. 8-க்கும் 9-க்கும் நடுவில் வேர் தாரைத் தூக்கியிருக்கிறது. 11-க்குப் பிறகு இடது பக்கம் மூன்று படிகள், கைப்பிடி இல்லை.

ஒரே ஒரு விளக்குக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால், 11-இல் போடுங்கள். பெரியவர் இன்னும் அந்த வழியாகத்தான் வருகிறார்.

இப்படிக்கு,
இரவு ஒன்பதரை ரயிலில் இறங்கி, சைக்கிளில் வீடு திரும்பும் ஒருத்தி
கோலாலம்பூர்