நேரமே எடுக்காத சதுர அலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சதுர அலை, அதாவது இரண்டு வோல்ட் அளவுகளுக்கு இடையே மாறி மாறித் தாவும் அலை, பற்றிய கட்டுரையில், 'அலை நேரமே எடுத்துக்கொள்ளாமல் பூஜ்யத்திலிருந்து 5 வோல்ட்டுக்குத் தாவிவிடுகிறது' என்று ஒரு வரி. பாடப்புத்தகத்தின் தொடக்கத்தில் வந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். வாசகர்கள் சர்க்யூட் கட்டிப் பார்க்கும் செய்முறைப் பகுதியில் வந்ததுதான் உறுத்துகிறது.

அப்படித் தாவ வேண்டுமானால் அடிப்படை அதிர்வெண்ணில் உள்ள சைன் அலையோடு, அதன் 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்களில் உள்ள சைன் அலைகளும் முடிவே இல்லாமல் சேர வேண்டும். எந்த ஒயரும் எந்த ஐசியும் அத்தனையையும் கடத்தாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நிஜ அலைக்கு ஏறவும் இறங்கவும் நேரம் வேண்டும். அந்தச் சரிவில்தான் எல்லா வில்லங்கமும் இருக்கிறது.

என்னிடம் பழுது பார்க்க வந்த ஒரு போர்டில், ஒரு பல்ஸ் வந்தால் கவுண்டர் இரண்டு எண்ணியது. கிளாக் வெறும் 1 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு மெதுவான அலைக்கு ஒயர் நீளமெல்லாம் ஒரு பொருட்டா என்று முன்பு பார்த்தவர்கள் ஐசியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை நானோ நொடி அளவுக்கு விரித்ததும் தெரிந்தது: அலை சரிவாக ஏறி, 5 வோல்ட்டைத் தாண்டி, கீழே விழுந்து, மறுபடி எழுந்து நடுங்கி அடங்கியது. அந்த இரண்டாவது எழுச்சியைத்தான் கவுண்டர் இன்னொரு பல்ஸாக எண்ணியிருக்கிறது. ஒயரில் எதிரொலித்து வரும் அந்த நடுக்கத்தை அடக்க, ஒயர் புறப்படும் முனையில் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டேன், சரியாகிவிட்டது. ஏற்றத்துக்கு நேரமே ஆகாது என்று படித்தவர் அந்த இடத்தை எதற்கு விரித்துப் பார்க்கப் போகிறார்?

இது முதல் தடவையாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஃபூரியர் தொடர் பற்றிய கட்டுரையில், சைன் அலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் சதுர அலையின் மூலையில் நிற்கும் கொம்பு மறைந்துவிடும் என்று போட்டீர்கள். மறையாது. ஒல்லியாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். உயரம் தாவலின் அளவில் ஏறத்தாழ 9 சதவீதமாகவே நிற்கும். கணிதவியலர் வில்பிரகாம் 1848இலேயே கண்டது இது. 1899இல் இயற்பியலாளர் கிப்ஸ் இதைச் சொன்னதும் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான். அந்தக் கடிதத்தை அவர்கள் வெளியிட்டார்கள்.

அப்புறம் அந்த மல்டிமீட்டர் அட்டவணை. சாதாரண மீட்டர் சராசரியை அளந்து, சைன் அலைக்கான கணக்கில் காட்டுவது. மேலும் கீழும் சமமாக 10 வோல்ட் போய்வரும் சதுர அலையை அதில் வைத்தால் 11.1 வோல்ட் என்று காட்டும். நீங்கள் அச்சிட்ட அளவுகள் முழுக்க அந்த 11 சதவீதம் கூடுதலாக இருந்தன. அதற்கும் எழுதினேன். பதில் இல்லை.

20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வைத்திருக்கும் வாசகர், எவ்வளவு வேகமான ஐசியை அளந்தாலும் ஏறக்குறைய 17.5 நானோ நொடிக்குக் கீழே ஏற்ற நேரத்தைப் பார்க்கவே முடியாது. அது கருவியின் வரம்பு என்று சொல்ல அந்தச் சதுர அலைக் கட்டுரையில் ஒரு வரிக்குக்கூட இடமில்லாமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை சதுர அலைப் படம் போடும்போது கிடைக்கோட்டில் நேர அளவைக் குறித்து, 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
முதல் இதழிலிருந்து படித்துவரும் வாசகர்