தந்தி ரசீதும் ஒரு ஜோடிச் செருப்பும்

ஆசிரியருக்கு,

வணக்கம். போலீஸ் காவலில் நேரும் மரணங்கள் பற்றிய சென்ற இதழ்த் தலையங்கம் படித்தேன். சட்டம் இருக்கிறது, யாரும் மதிப்பதில்லை என்று முடித்திருந்தீர்கள். உண்மைதான். ஆனால் மதிக்க வைக்க உள்ளூரில் நாலு பேர் என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் தந்தி அலுவலகக் கவுன்டரில் இருந்தவன். கல்யாண வாழ்த்து, சாவுச் செய்தியோடு இன்னொரு வகைத் தந்தியும் வரும். விடிந்தும் விடியாததுமாக ஒரு பெண் வந்து நிற்பார், கூடவே வக்கீல் குமாஸ்தா. "நேற்றிரவு 11 மணிக்கு என் மகனை வீட்டிலிருந்து போலீஸார் கூட்டிச் சென்றனர். எங்கே என்று தெரியவில்லை." இதைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதித் தருவார். கலெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று, உயர் நீதிமன்றத்துக்கு ஒன்று. நான் சொற்களை எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பேன். அந்த அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்.

ரசீதில் இருக்கும் நேரம்தான் விஷயமே. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. ஆனால் எப்போதிலிருந்து 24 மணி? மூன்று நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு, "இன்று அதிகாலை பஸ் நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றவரை" என்று எழுதினால் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்கும். அந்தப் பொய்க் கணக்குக்கு எதிராகக் கோர்ட்டில் நீட்ட ஏழையிடம் இருந்த ஒரே காகிதம் தந்தி ரசீது.

2013 ஜூலை 14 இரவோடு தந்தி சேவை நின்றது. ஊரெல்லாம் பழைய நினைவில் உருகியது. எனக்கு அந்த முந்தானை முடிச்சுதான் கண்ணில் நின்றது.

இப்போது எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆட்டோ ஓட்டுபவர், ஜெராக்ஸ் கடைக்காரர், வக்கீல் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பெண். பதிவு கிடையாது, லெட்டர்பேடு கிடையாது. யாரையாவது ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் எங்களுக்கு போன் வரும். முதலில் நாங்கள் கேட்பது, மணி என்ன? அப்புறம் வந்தவர்கள் எத்தனை பேர், சட்டையில் பெயர்ப்பட்டை இருந்ததா, வண்டி எண் என்ன. நோட்டில் எழுதிக்கொண்டுதான் கிளம்புவோம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், சித்தாள் வேலை செய்யும் ஒரு பையனை டீக்கடையிலிருந்து கூட்டிப் போனார்கள். "விசாரணைக்குத்தான்" என்றார்களாம். நாங்கள் போய்க் கேட்டபோது பாராவில் இருந்தவர், "அப்படி யாரையும் கூட்டிட்டு வரலையே" என்றார். பையனின் அம்மா வாயே திறக்கவில்லை. ஸ்டேஷன் திண்ணை ஓரத்தைக் காட்டினார். நீல வார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. குத்தியவர் அவர்தான். அங்கேயே நின்று எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், இலவச சட்ட உதவிக்கான 15100-க்கும் பேசினோம். அப்போது மணி 9.40. பதினொன்றரைக்குப் பையன் வெளியே வந்தான். நாங்கள் போனதால் விட்டார்களா, விடுவதாகத்தான் இருந்தார்களா, தெரியாது. பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

திருட்டுப் பயலுக்கு வக்காலத்தா என்று எங்கள் தெருவிலேயே கேட்கிறார்கள். திருடனா இல்லையா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதற்குக் கோர்ட் இருக்கிறது. கூட்டிப் போன நேரத்தை உள்ளபடி எழுதுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

உங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1986-இல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் நிர்வாகியாக இருந்த டி.கே. பாசு, காவல் மரணங்கள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைக் காட்டி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டு, 1996 டிசம்பரில் 11 கட்டளைகள் போட்டது. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். தேதி, நேரத்தோடு அரெஸ்ட் மெமோ (கைதுக் குறிப்பு) வேண்டும்; அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். உறவினர் வெளி மாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. தந்தி போய்விட்டது, கட்டளை இருக்கிறது. எனக்கு மட்டும் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பெயரைத் திக்காமல் சொல்வது எங்கள் ஆசிரியை மட்டுமே) 37-வது பிரிவில், கைதானவர்களின் விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. எங்கள் ஊர் ஸ்டேஷன் சுவரில் அப்படி ஒன்று இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை. மனு கொடுத்து ஐந்து மாதமாகிறது.

அடுத்த இதழில் அந்த 11 கட்டளைகளையும் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் நூறு பிரதி காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன் என்கிறார். பக்கத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், நேரம் குறித்துக்கொள்ள.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் ஒருவர்,
தென் மாவட்டத்திலிருந்து