ஐசிஎம்பியை அடைக்க வேண்டாம்

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவரைக் கண் பரிசோதனைக்கு மெட்ரோவிலேயே எழும்பூர் அழைத்துப் போய் வருகிறேன். சென்ட்ரலில் வண்டி மாறினால் போதும்.

பாதுகாப்புக்காக, வலைப் போக்குவரத்தை வடிகட்டும் உங்கள் அலுவலக ஃபயர்வாலில் ஐசிஎம்பியை, அதாவது வலையமைப்பின் பிழைகளையும் நிலையையும் தெரிவிக்கும் நெறிமுறையை, முழுக்க அடைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைத் தடுத்து நிறுத்து.

ஐசிஎம்பி என்றால், எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1981இல் ஜான் போஸ்டல் எழுதிய இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 792ஐப் படித்துப் பார். பிங் அனுப்பும் எக்கோ அதில் ஒரு சிறு பகுதிதான். முக்கிய வேலை பிழையைத் தெரிவிப்பது. பாக்கெட்டை, அதாவது வலையில் போகும் தரவுப் பொட்டலத்தை, கைவிடும் ரவுட்டர் (வழிகாட்டும் கருவி), காரணத்தோடு அந்தப் பாக்கெட்டின் ஐபி தலைப்பையும் (முகவரிகள் உள்ள முன்பகுதி) அடுத்த 8 பைட்டுகளையும் சேர்த்து அனுப்பியவருக்கே திருப்பிவிடும். எந்த இணைப்பு தடைபட்டது என்று கணினி அதைக் கொண்டே அறிகிறது. அந்தச் செய்தியே வழியில் தொலைந்தால், அதைச் சொல்ல இன்னொரு செய்தி வராது.

சென்ற மாதம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தேன். மணலி கிடங்குக்குப் பிங் போகிறது, சிறு மின்னஞ்சல் போகிறது. ஸ்கேன் செய்த ரசீதை அனுப்பினால் மட்டும் அப்படியே நிற்கிறது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்பினேன். 1464 பைட்டுக்குப் பதில் வந்தது. 1472க்கு மௌனம். தலைப்புகளின் 28 பைட்டையும் கூட்டிப் பார்: வழியில் ஓர் இணைப்பு 1492க்கு மேல் ஏற்கவில்லை. 'பெரிதாக இருக்கிறது, துண்டாக்க வேண்டும்' என்று அங்குள்ள ரவுட்டர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அது வகை 3, குறியீடு 4. பிங்குக்கு மட்டும் வழிவிட்டிருந்த ஃபயர்வால் அதை உள்ளே விடவில்லை. கணினியோ அதே அளவில் மறுபடி மறுபடி அனுப்பித் தோற்றது. அந்த ஒரு வகையைத் திறந்ததும் ரசீதுகள் மளமளவென்று போய்ச் சேர்ந்தன.

இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6க்கு மாறினால் இன்னும் கவனம் தேவை. அதில் ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை. 'அளவு மிஞ்சியது' என்ற ஐசிஎம்பி செய்தி வராவிட்டால் பெரிய பாக்கெட் போகவே போகாது.

இப்போதைய ஐபிவி4இல் வகை 3ஐயும் 11ஐயும் ('பாக்கெட்டின் ஆயுள் தீர்ந்தது' என்ற செய்தி) திறந்து வைக்கச் சொல். 11 இல்லாமல், பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டும் வேலை செய்யாது. எக்கோ பெருகுமோ என்று பயந்தால் அதற்கு வேகவரம்பு வைக்கட்டும். கூட்டத்துக்கு முன் ஒருமுறை எனக்குப் போன் செய். உங்கள் விதிகளைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரவி