சித்தப்பாவின் மூச்சுக் கருவி பற்றி அப்பாவுக்கு

டொராண்டோ,
ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? மோட்டார் நியூரான் நோயால் மூச்சுத் தசை தளர்ந்துவிட்ட சித்தப்பாவை, இரவுக்கு, மாஸ்க் வழியே மூச்சுக் காற்றைத் தள்ளும் ஒரு பைபாப் கருவியுடன் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், போனில் பார்த்து வைத்தியம் நடக்குமா என்று சித்தி கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். என் வேலையே அதுதான் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நான் கவனிக்கும் நோயாளிகளில் சிலர் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால், தண்டர் பே பக்கம் இருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு உள்ளதைப் போல இரு மடங்குக்கும் மேலான தூரம். அதிலும் இது பனி மூடிய சாலை. ஆகவே இரவில் எத்தனை மணி நேரம் ஓடியது, மாஸ்க் ஓரத்தில் எவ்வளவு காற்று கசிந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதையெல்லாம் கருவியே அனுப்பிவிடுகிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீடியோவில் அழைக்கிறேன். சென்ற வாரம் ஒருவருக்குக் கசிவு திடீரெனக் கூடியிருந்தது. கசிவைத்தான் திரை காட்டும், காரணத்தைக் காட்டாது. அவர் மனைவியிடம் விளக்கை அருகில் பிடிக்கச் சொன்ன பிறகே, மூக்குத்தண்டில் புண் வந்த வலி பொறுக்காமல் அவர் பட்டையைத் தளர்த்தியிருந்தது தெரிந்தது. பட்டையை இறுக்கச் சொல்லாமல், வேறு வகை மாஸ்க் அனுப்பி வைத்தோம்.

சித்தியிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம் என்று காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. உடலில் கரியமிலவாயு தேங்குவதை அது காட்டாது. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடவும் கூடாது.

எனக்குள்ள பெரிய கவலை மின்சாரம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் டவரும் சேர்ந்தே போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு நாளில் நான் இங்கிருந்து எந்தத் திரையைப் பார்த்தும் பயனில்லை. இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை ஒன்று தலைமாட்டிலேயே இருக்கட்டும். அதை அழுத்தும் முறையைச் சித்தியும் தம்பியும் ஆஸ்பத்திரி நர்ஸிடம் நேரில் பழகிக்கொள்ள வேண்டும். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தித்தான் நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, இங்கே அப்போது காலை ஒன்பதரை ஆகியிருக்கும், வீடியோவில் வருகிறேன். சித்தப்பா மாஸ்க் போட்டுப் படுத்ததும், மூக்கின் இரு பக்கமும் டார்ச் அடித்துக் காட்டும்படி தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்