துதிக்கை லை எழுதிய சுவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் கீழக்கரையில் எங்கள் தெரு முனையில் இருந்த பழைய மளிகைக் கடையை இடித்தார்கள். சொந்தக்காரர் இடிக்கிறார், அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கூரையைப் பிரித்த அதிர்ச்சியில் முன்சுவரில் வருஷக்கணக்காக அடித்த வெள்ளை பொருக்குப் பொருக்காக உதிர, அடியிலிருந்து நீல எழுத்தில் ஒரு பல்பொடி விளம்பரம் வெளியே வந்தது. "விலை" என்று எழுதியிருந்ததில் யானைத் துதிக்கை போல வளைந்த அந்தப் பழைய லை! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்களுக்குக் கை பழகிய எழுத்து அது, என் மகள் "இது என்ன எழுத்து வாப்பா" என்று கேட்டாள். மறுநாள் காலையில் படம் எடுக்கலாம் என்று போனால் கல் குவியல்தான் கிடந்தது, அதையும் லாரியில் அள்ளி எங்கோ பள்ளம் நிரப்பக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றே எடுக்காமல் விட்டேனே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையையும் அதன் சுவரோவியங்களையும் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. எங்கள் ஊர்ப் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களை ஜமாஅத் பார்த்துக்கொள்கிறது. சரி, தெருவில் இருக்கிற திண்ணை வீட்டையும் கடையையும் யார் பார்ப்பது?

இந்தக் கரையில் பழைய சுவர்கள் பல பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. பூச்சு விட்டுப்போன இடத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள், கல் முழுக்கத் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள் தெரியும், தடவினால் விரலில் சுண்ணாம்புப் பொடி ஒட்டும். தனுஷ்கோடி மாதா கோயிலும் இதே கல்தான், 1964 டிசம்பர் புயலில் ஊரே போன பிறகும் அதன் சுவர் நிற்கிறது. கடலில் போய் இனி அந்தக் கல்லை வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. அதனால் எங்கள் பக்கம் ஒரு பழைய சுவர் விழுந்தால் அதே மாதிரி இன்னொன்றை எழுப்பவே வழி இல்லை.

இடிக்க மனசு வராதவர்கள் இன்னொரு தப்பு செய்கிறார்கள், சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் சேர்ந்து பூச்சைத் தள்ளும், பூச்சு பெயரும்போது கல்லையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வரும். வாப்பா காலத்து வீட்டில் நாங்களே இதைச் செய்து, அப்புறம் எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி ஊர் ஊராக அலைந்தோம், கடைசியில் கிடைத்தவருக்கு வயசு எழுபதுக்கு மேல். அவரிடம் பழக ஒரு பையன்கூட இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டு மனு வந்தால், உள்ளும் வெளியும் படம் எடுத்து இணைத்தால்தான் கையெழுத்து என்று கடலோர நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சொல்லட்டும். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-லேயே சட்டம் போட்டாயிற்று, அரண்மனையும் கோயிலும் பள்ளிவாசலும் போக இந்தத் தெருக்களையும் ஆணையம் வந்து பார்க்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு பழைய சுவரின் படம் போடலாமே, தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று வாசகர்கள் அனுப்புவார்கள்.

எங்கள் தெருவில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. பூட்டிக் கிடக்கிற சோடாக் கடையின் பக்கச் சுவர், பாதி எழுத்து மீட்டர் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. அதை நேற்றே படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கீழக்கரை வாசகர்